பத்தி உழவனின் பூத்த வயல்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

தை மாதத்தின் பிற்பகுதியிலும் மாசியிலும் வடநாட்டுத் திவ்யதேசங்களை ஸேவிக்கச் செல்லும் அடியார்கள், வடமதுரையிலிருந்து கோகுலத்துக்கும் கோவர்த்தனத்துக்கும், பின்பு நைமிசாரண்யத்துக்கும் திருவயோத்திக்கும் போகும் வழி நெடுகிலும் ஒரு காட்சியைக் காண்பர். கண்ணுக்கெட்டிய தூரம் கடுகுப் பயிர் பூத்து மஞ்சளாய் விரிந்து கிடக்கும். ஐப்பசி வாக்கில் விதைக்கப்பட்டு, பனியிலும் குளிரிலும் மெல்ல வளர்ந்த பயிர் அது. மாக மாதத்துச் சுக்ல பஞ்சமியை அந்நாட்டார் வஸந்த பஞ்சமி என்று கொண்டாடுவர். அன்று வ்ரஜ பூமியின் கோயில்களில் எம்பெருமானுக்கு மஞ்சள் வஸ்த்ரம் சாற்றி, ஹோலித் திருநாளுக்குத் தொடக்கமாக வண்ணப்பொடி தூவுவர். அந்நாட்டு உழவனுக்குப் பஞ்சாங்கம் பார்க்கும் தேவையில்லை. வயல் மஞ்சளானால் வஸந்தம் வருகிறது என்று அறிவான்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. நாம் ஸங்கல்பத்தில் சொல்லும் கணக்கின்படி சித்திரையும் வைகாசியுமே வஸந்த ருது. கடுகு பூக்கும் காலமோ இன்னும் சிசிர ருது. குளிர் முற்றும் நீங்கவில்லை. பருவம் வந்து சேருமுன்பே அதன் அடையாளம் வயலில் தோன்றிவிடுகிறது. இந்த நுட்பத்தை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னே இதனால் ஒரு பெரிய அர்த்தம் விளங்கும்.

இப்படிப்பட்ட காட்சியைக் கண்டு மகிழும் அடியார்களுக்கு இரண்டு ஐயங்கள் எழுவது உண்டு. முதலாவது: எம்பெருமானை ஸேவிக்கப் புறப்பட்டவன் வழியிலுள்ள பூவையும் பயிரையும் கண்டு நெஞ்சு இழப்பது விஷயாந்தரத்தில் ஈடுபடுவதாகாதோ? இரண்டாவது இதைவிட ஆழமானது: வயலில் பூ மலர்ந்துவிட்டது, எத்தனையோ ஆண்டுகளாகத் திருப்பாவை ஸேவித்தும், திருவாய்மொழி கேட்டும், என் நெஞ்சில் மட்டும் ஒன்றும் பூக்கவில்லையே, நான் விதைத்தது பழுதோ, இந்த நிலம்தான் களரோ? இவ்விரண்டுக்கும் ஆழ்வார்களும் ஆசார்யர்களும் காட்டியருளிய வழியை இங்கே அனுபவிப்போம்.

கண்ணை மூடச் சொல்லவில்லை

முதல் ஐயத்துக்கு எம்பெருமானார் தம் செயலாலேயே விடை அருளினார். உறங்காவில்லி தாஸர் வரலாற்றை அறியாத ஸ்ரீவைஷ்ணவர் இலர். திருவரங்கத் திருநாளில், திரள் நடுவே, பொன்னாச்சியாரின் கண்ணழகில் ஈடுபட்டு, அவர்மேல் வெயில் படாதபடி குடை பிடித்துச் சென்றார் அவ்வீரர். கூடியிருந்தோர் நகைத்தனர். எம்பெருமானார் நகைக்கவுமில்லை, கடிந்துகொள்ளவுமில்லை. இதனினும் அழகிய கண்களைக் காட்டினால் ஈடுபடுவாயோ என்று வினவி, பெரிய பெருமாள் ஸந்நிதிக்கு அழைத்துச் சென்று, அவன் திருக்கண்களைக் காட்டிக்கொடுத்தார்.

இங்கே ஆசார்யன் செய்தது என்ன? அழகில் ஈடுபடும் அவருடைய தன்மையை அவர் அழிக்கவில்லை. அழகு கண்டால் உருகும் நெஞ்சு ஒருவனுக்கு இருப்பதே பெரிய முதல் என்று திருவுள்ளம் பற்றினார். அந்நெஞ்சு போய்ச் சேர வேண்டிய இடத்தை மட்டும் காட்டினார். ஆகவே, பூத்த வயலைக் கண்டு மகிழ்வது குற்றமாகாது. அந்த மகிழ்ச்சி வயலோடு நின்றுவிட்டால் அது குறை. வயலைப் படைத்தவன் அளவும் சென்றால் அதுவே பகவதனுபவம்.

இதற்கு ஆதாரம் நம் ஸித்தாந்தத்தின் வேரிலேயே இருக்கிறது. சேதனமும் அசேதனமும் எம்பெருமானுக்குச் சரீரம். அவன் அனைத்துக்கும் ஆத்மா. பூமியினுள்ளே இருந்து, பூமியைத் தனக்கு உடலாகக் கொண்டு, அதை நியமிப்பவன் என்று அந்தர்யாமி ப்ராஹ்மணம் அவனைப் பேசுகிறது. கீதையின் பத்தாம் அத்தியாயத்தில் தன் விபூதிகளை அர்ஜுனனுக்குச் சொல்லி வரும் கண்ணன், ருதுக்களில் தான் குஸுமாகரனான வஸந்தம் என்கிறான். மலர்களுக்குப் பிறப்பிடம் என்பது அச்சொல்லின் பொருள். பதினைந்தாம் அத்தியாயத்திலோ இன்னும் அணுக்கமாக இறங்கி வந்து, ரஸமயமான சந்த்ரனாகித் தானே பயிர்கள் அனைத்தையும் வளர்ப்பதாக அருளிச்செய்கிறான். அங்கே அவன் கூறும் சொல் 'ஓஷதி'. பலம் பழுத்தவுடன் தம் ஆயுள் முடியும் செடிகளுக்கு அப்பெயர் என்று தர்ம சாஸ்த்ரம் சொல்லும். நெல்லும் கோதுமையும் கடுகும் இவ்வினத்தவை. நூறு ஆண்டு நிற்கும் ஆலமரத்தையும் அரசமரத்தையும் மட்டும் அவன் பேணவில்லை. சில மாதமே வாழும் கடுகுச் செடியையும் இரவுதோறும் நிலவாய் வந்து ஊட்டுகிறான். பகலில் நாம் காணும் மஞ்சள், அவன் இரவில் செய்த பணியின் விளைவு.

நம்மாழ்வார் இதை அனுபவமாகவே காட்டியருளினார். பெரிய திருவந்தாதியின் 73ஆம் பாசுரத்தில், பூவை, காயா, நீலம், காவி ஆகிய மலர்களைக் காணுந்தோறும், இவையெல்லாம் எம்பெருமானுடைய திருமேனியின் வடிவே என்று எண்ணித் தம் மெல்லிய ஆவியும் உடலும் பூரிப்பதாக அருளிச்செய்கிறார். 'காணுந்தோறும்' என்னுமிடம் உற்று நோக்கத்தக்கது. ஒருமுறை கண்டு தெளிந்து, பின்பு அந்தத் தெளிவோடு நின்றுவிடுகிறார் அல்லர். மறுநாள் அதே பூவைக் கண்டாலும் மறுபடியும் பூரிக்கிறார். அவர் கண்ட பூக்கள் கருநீலமானவை. அவற்றில் திருமேனி நிறம் தோன்றியது. வ்ரஜ பூமியில் நாம் காண்பது மஞ்சள். இதில் தோன்றுவது அவன் திருவரையிலுள்ள பீதகவாடை. கருத்தோடும் யமுனையும், அதன் இருமருங்கும் மஞ்சள் வயலும் சேரக் காணும்போது, பீதாம்பரம் உடுத்துச் சாய்ந்தருளிய கரியவனை நினையாமல் இருப்பதுதான் கடினம்.

இளைய பெருமாள் கண்ட வயல்

பயிரைக் கண்டு மகிழ்வதற்கு ஸ்ரீராமாயணத்தில் ஒரு சிறந்த உதாரணம் உண்டு. ஆரண்ய காண்டத்தின் பதினாறாம் ஸர்க்கத்தில், பஞ்சவடியில் ஹேமந்த ருது வந்தபோது, விடியற்காலையில் கோதாவரிக்கு நீராடச் செல்லும் பெருமாளிடம் இளைய பெருமாள் அப்பருவத்தை வருணிக்கிறார். யவையும் கோதுமையும் நிறைந்த நிலங்களைச் சொல்கிறார்; மணி முற்றிச் சற்றே தலை சாய்ந்து பொன்போல் விளங்கும் நெற்கதிர்களைப் பேரீச்சம் பூவுக்கு ஒப்பிடுகிறார். ஊணும் உறக்கமும் துறந்து கைங்கர்யமே உருவாய் நின்ற அவருக்கும் வயலழகு கண்ணில் படுகிறது. கண்ட அழகைத் தம் ஸ்வாமிக்கு விண்ணப்பிக்கவும் செய்கிறார்.

ஆனால் அந்த வருணனை எங்கே போய் முடிகிறது என்று பார்க்க வேண்டும். இந்தக் குளிரில் ஸரயுவில் எப்படி நீராடுகிறானோ, வெறுந்தரையில் எப்படிக் கிடக்கிறானோ என்று பரதாழ்வானை நினைப்பதில் முடிகிறது. கதிரைப் பார்க்கத் தொடங்கிய கண், தொலைவிலே நோன்பிருக்கும் ஒரு பாகவதனைப் பார்த்து நின்றது. ஒரு காட்சியை நாம் அனுபவித்த முறை சரியானதா என்று அறிய இதுவே உரைகல். வயலைப் பார்த்துவிட்டுத் திரும்பியவனுக்கு எம்பெருமான் நினைவோ, அவன் அடியார்பால் பரிவோ ஒரு சிறிது மிகுந்திருக்குமானால், அவன் கண்டது விஷயாந்தரமன்று.

விதையும் இட வேண்டுமோ

இனி இரண்டாம் ஐயம். இதற்கு விடை திருமழிசைப்பிரான் அருளிய நான்முகன் திருவந்தாதியின் 23ஆம் பாசுரத்தில் உள்ளது. அதன் திரண்ட பொருள் இது: நப்பின்னைப் பிராட்டிக்காக ஏழு எருதுகளை அடக்கிய எம்பெருமான், பக்தி என்னும் பயிருக்கு உழவன், இவ்வுலகம் அவன் நெடுங்காலமாக உழுதுவரும் பழைய நிலம், அதில் நாம் விதையும் இட வேண்டுமோ? தானே திரண்டு எழுந்த கார்மேகம், அக்கரிய மாலின் திருமேனியை நம் கண்முன் காட்டி நிற்குமே.

இதன் ஒவ்வொரு பகுதியையும் அனுபவிப்போம். முதலில் 'உழவன்'. நாம் பக்தி செய்கிறோம், அதை எம்பெருமான் ஏற்கிறான் என்று நினைத்திருக்கிறோம். ஆழ்வார் இந்த நினைவைத் திருத்துகிறார். நிலத்துச் சொந்தக்காரனும் அவன், உழுகிறவனும் அவன், விளைந்ததைக் கொள்கிறவனும் அவன். நாம் வயல். வயலுக்கு உழும் திறன் இல்லை. உழவன் கையிலே கிடப்பதே அதன் பெருமை. ஸ்ருஷ்டி செய்ததும், சாஸ்த்ரம் கொடுத்ததும், தானே வந்து அவதரித்ததும், ஆழ்வார்களை இட்டுத் தமிழ் பாடுவித்ததும் அவன் செய்த உழவு.

அடுத்து, 'எருது அடக்கியது'. உழவன் என்றவுடனே எருதை நினைப்பது இயல்பு. ஆனால் இவ்வுழவன் எருதுகளை ஏரில் பூட்டியதாக ஆழ்வார் சொல்லவில்லை, அடக்கியதாகச் சொல்கிறார். ஏழு எருதுகளும் நப்பின்னைப் பிராட்டியோடு அவன் சேர்வதற்கு இடையூறாய் நின்றவை. ஜீவனோடு தான் சேர்வதற்கு இடையூறாக நிற்பவற்றையும் அவன்தானே அடக்க வல்லவன். அப்பொறுப்பு நம்முடையது அன்று என்று இதனால் தேறலாம். அன்றியும், பிராட்டிக்காகச் செய்த செயலைச் சொல்கையாலே, அவள் புருஷகாரம் இந்த உழவுக்குப் பின்னணியாய் நிற்பதும் தோன்றும்.

மூன்றாவது, 'பழைய நிலம்'. ஒரு தடவை உழுது கைவிட்ட நிலம் இல்லை இது. எத்தனையோ கல்பங்களாக அவன் விடாது பண்படுத்திவரும் நிலம். பலமுறை விளைந்த நிலத்தில் ஒரு விசேஷம் உண்டு. அறுவடையில் உதிர்ந்த மணிகள் மண்ணில் தங்கி, யாரும் விதைக்காமலே மறுபருவத்தில் முளைக்கும். கடுகு விளையும் ஊர்களில் இது கண்கூடு. காய் முற்றினால் வெடிக்கும். விதையோ மிகச் சிறியது. அறுப்பவன் எத்தனை கருத்தாக இருந்தாலும் சில மணிகள் சிதறும். அடுத்த ஆண்டு கோதுமை விதைத்த வயலின் நடுவிலும் வரப்போரத்திலும் ஆங்காங்கே மஞ்சள் பூத்து நிற்கும். 'இதை யார் விதைத்தார்?' என்றால் விடையில்லை. முன்னைய விளைவின் மிச்சம் அது. விதையும் இட வேண்டுமோ என்ற ஆழ்வாரின் வினாவை இந்தக் காட்சியைக் கொண்டு அனுபவிக்கலாம்.

இவ்வர்த்தத்தையே பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் தெளிவாக்குகிறார். சேதனன் வேறு காரியமாகப் போகிறபோது எம்பெருமான் உகந்த ஓர் ஊரின் பெயரைச் சொல்லியிருப்பான். தன் பிள்ளையை அழைக்க அவன் திருநாமத்தைச் சொல்லியிருப்பான். களைத்துவந்த ஓர் அடியாருக்குத் தன் வீட்டுத் திண்ணை நிழலில் ஒதுங்க இடம் கொடுத்திருப்பான். இவனுக்கு அது நினைவிலும் இராது. இவற்றையெல்லாம் எம்பெருமான் தானே தேடித் தொகுத்து, ஒன்றைப் பத்தாக்கி, அங்கீகரிப்பதற்குக் காரணமாக்கிக்கொள்கிறான். இவை இவன் அறியாமல் சிதறிய விதைகள். இவன் மறந்த மணியை உழவன் மறப்பதில்லை.

ஆகவே, 'என் நெஞ்சில் ஒன்றும் பூக்கவில்லையே' என்று வருந்துகிற அடியார் இரண்டு செய்திகளை நினைத்து ஆறலாம். ஒன்று, விதைத்தவர் தாம் அல்லர் என்பது. தாம் விதைத்ததாக எண்ணுகிறவருக்குத்தான் விளையவில்லையே என்ற கலக்கம் வரும். மற்றொன்று, காலத்தைப் பற்றியது. கார்த்திகையிலும் மார்கழியிலும் அந்த வடநாட்டு வயலைப் பார்த்தவன் அதில் பூவொன்றையும் காணான். பனி மூடிய தரையில் பச்சை இலைகள் மட்டுமே கிடக்கும். அப்போதும் வேர் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. பூவில்லாத அந்த நாள்களும் பூவுக்கு வேண்டிய நாள்களே. நித்யாநுஸந்தானத்தை நெஞ்சு உருகாமலே ஸேவித்துக்கொண்டிருக்கும் நாள்களை இப்படிப்பட்டவையாகவே கொள்ள வேண்டும், அதைக் கைவிடலாகாது.

முன்னே சொல்லிவைத்த நுட்பம் இங்கே பயன்படும். வஸந்தம் வருமுன்பே வஸந்தத்தின் அடையாளம் வருகிறது. அதுபோல, எம்பெருமானை அடையும் காலத்துக்கு நெடுமுன்பே சில அடையாளங்கள் ஆத்மாவில் தோன்றும் என்று பெரியோர் சொல்வர். அவன்பால் வெறுப்பில்லாமை முதலாவது. அவன் திசை நோக்கி முகம் திரும்புதல் அடுத்தது. ஸாத்விகர்களோடு பேச வேண்டும் என்ற விருப்பமும், அதன்பின் ஆசார்ய ஸம்பந்தமும் தொடர்ந்து வரும். 'எனக்கு பக்தி இல்லையே' என்ற வருத்தம்கூட, முகம் திரும்பிய ஒருவனுக்கன்றி வாராது. குளிர் இன்னும் நீங்காதிருக்கலாம். வரப்போரத்தில் ஒரு பூ மலர்ந்திருப்பதை அவன் காணவில்லை, உழவன் காண்கிறான்.

பூத்ததைக் கண்டு வாடுவாரும் உண்டு

எல்லோருக்கும் வஸந்தம் இன்பமாக இராது. அன்புக்குரியவரை இழந்தவர்க்கும், ஊரைவிட்டு நெடுந்தொலைவில் தனித்திருப்பவர்க்கும், பூத்த வயல் நெஞ்சைச் சுடும். இவர்களுக்கும் ஸம்ப்ரதாயத்தில் இடமுண்டு. பெருமாளே இவர்களுக்கு முன்னிலையில் நிற்கிறார். கிஷ்கிந்தா காண்டத்தின் முதல் ஸர்க்கத்தில் பம்பைக் கரையில் வஸந்தம் பூத்துக் குலுங்குகிறது. பெருமாள் தாமரை இதழைப் பார்த்துப் பிராட்டியின் திருக்கண்களை நினைக்கிறார். பூந்தாதின் நடுவே வரும் காற்றை அவள் மூச்சென்று மயங்குகிறார். அவளோடிருந்தபோது எவை எவை இனியவையாயிருந்தனவோ, அவையே இப்போது இன்னாதவையாயின என்று இளைய பெருமாளிடம் சொல்லிக் கலங்குகிறார்.

ஆண்டாள் நாச்சியாரும் இந்நிலையைத் தம்மதாகப் பேசினார். நாச்சியார் திருமொழியின் 9ஆம் திருமொழியில் திருமாலிருஞ்சோலையின் மலர்களை விளித்து, எம்பெருமானுடைய நிறத்தைக் கொண்டு என்னை வருத்துகிறீர்களே, எனக்கு உய்யும் வழி சொல்லுங்கள் என்று முறையிடுகிறார். நம்மாழ்வாரைப் பூரிக்கச் செய்த அதே காயாம்பூ நாச்சியாரை வாட்டுகிறது. பூ ஒன்றே, கூடியிருக்கும் நிலையில் அது மருந்து, பிரிந்திருக்கும் நிலையில் நெருப்பு. இரண்டு நிலையிலும் பூவைப் பூவாக மட்டும் காணாமல், அவனுடையதாகக் கண்டார்கள் என்பதே நாம் கொள்ள வேண்டுவது. எனவே, பிறர் மகிழும் பருவத்தில் தம்மால் மகிழ முடியவில்லையே என்று எவரும் கூச வேண்டா. அந்த வருத்தத்தை அவனிடம் சொல்வதும் அனுபவமே.

பூவுக்கும் அவனுக்குமுள்ள தொடர்பை ஸ்ரீராமாயணம் தொடக்கத்திலிருந்து முடிவு வரை காட்டும். காடெல்லாம் பூத்த சைத்ர மாதத்தில்தான் திருமுடி சூட நாள் குறிக்கப்பட்டது. அந்தப் பருவத்திலேயே பெருமாள் நாடு துறந்தார். கோஸல நாட்டின் எல்லை வரை உழுத வயல்களையும் பூத்த சோலைகளையும் பார்த்துக்கொண்டே தேரில் சென்றார். திரும்பிவந்த ஸுமந்த்ரர், பூவும் தளிரும் மொட்டுமாக மரங்கள் வாடிவிட்டன என்று சக்ரவர்த்தியிடம் சொன்னார். பருவம் வஸந்தம்தான், ஆனால் அவன் இல்லை, ஆகவே வாடின. பதினான்கு ஆண்டுகள் கழித்து, அயோத்திக்குத் திரும்பும் வழியில் பரத்வாஜ முனிவரிடம் அவர் வேண்டிய வரம், வழியிலுள்ள மரங்கள் பருவமல்லாத காலத்திலும் பழுத்துப் பூக்க வேண்டும் என்பது. அப்படியே பூத்தன. ஸ்ரீபாகவதமும் இதையே சொல்லும்: கண்ணனும் பலராமனும் வாழ்ந்ததாலே ப்ருந்தாவனத்தில் கோடையும் வஸந்தம்போலத் தோன்றிற்றாம்.

பார்த்திருக்கும் பயிர்

பயிருக்கு மற்றொரு பெருமையைக் குலசேகரப் பெருமாள் காட்டுகிறார். பெருமாள் திருமொழியின் ஐந்தாம் திருமொழியில் வித்துவக்கோட்டம்மானிடம் தம் புகலற்ற தன்மையை விண்ணப்பிக்குமிடத்தில் பயிரை உவமையாகக் கூறுகிறார். வானம் எத்தனை காலம் மறந்திருந்தாலும், பசும்பயிர் கருமேகத்தையே பார்த்திருக்கும். அதற்குக் கால் இல்லை. வேறிடம் போய்த் தேட முடியாது. போக முடிந்தாலும் மேகத்தையன்றி வேறு புகல் இல்லை. சரணாகதனுக்கு வேண்டிய ஆகிஞ்சந்யமும் அநந்யகதித்வமும் ஒரு பயிரில் இப்படி விளங்குகின்றன.

நம்மாழ்வார் திருவாய்மொழியின் 5.3ஆம் பதிகத்தில் தம் நெஞ்சையே வயலாகப் பேசுகிறார். ஊரார் பழி எருவாயிற்று. தாயார் கடிந்த சொல் நீராயிற்று. விதைத்த ஆசை முளைத்துக் கடல்போல் பெருகிற்று. உலகத்தில் பயிரைக் கெடுக்கும் என்று நினைப்பவை, அவன் உழும் வயலில் பயிரை வளர்க்கின்றன. அலுவலகத்தில் திருமண் காப்பைப் பார்த்து எழும் கேலியும், வேற்று நாட்டில் ஆசாரம் காப்பதில் நேரும் இடர்ப்பாடும் எருவாகும்படி அவன் செய்ய வல்லவன்.

வயல் பூத்ததைக் காணும் இருவரை ஸ்ரீபாகவதத்தின் தசம ஸ்கந்தம், மழைக்கால வருணனையில் வேறுபடுத்திக் காட்டும். பயிர் செழித்த வயல்கள் உழவர்க்கு உவகை தந்தன. எல்லாம் தெய்வத்தின் கையில் உள்ளது என்று அறியாத செருக்குடையோர்க்குத் தாபம் தந்தன. ஒரே வயல்தான். 'என்னுடையது' என்றும் 'எனக்கில்லையே' என்றும் பார்க்கிறவனுக்கு அது சுமை. 'அவனுடையது' என்று பார்க்கிறவனுக்கு அது ப்ரஸாதம்.

யாருக்காகப் பூத்தது

சோலையில் பூத்த மல்லிகையைப் பறித்துத் தொடுத்துச் சாற்றலாம். பெரியாழ்வார் காட்டிய கைங்கர்யம் அது. பயிரில் பூத்த பூவை அப்படிப் பறித்தால் விளைவு கெடும். அப்படியானால் இப்பூ அவனுக்கு ஆகாதோ? ஆகும், அதன் வழி வேறு. கடுகுச் செடியில் அடியிலுள்ள பூக்கள் முதலில் மலரும். மேலே புதிய மொட்டு விரியும்போதே கீழே காய் பிடிக்கத் தொடங்கும். நான்கு இதழ்களும் சில நாளில் உதிர்ந்துவிடும். பங்குனியில் செடியே காய்ந்து அறுவடையாகும். பின்பு அம்மணி எண்ணெயாகி அவன் ஸந்நிதியில் விளக்காய் எரியும். நம் இல்லத் தளிகையில் புளியோதரைக்குத் தாளிதமாகி அவனுக்குக் கண்டருளப்பண்ணும் நைவேத்யத்தில் சேரும். அன்பையே அகலாகக் கொண்டு விளக்கேற்றிய பூதத்தாழ்வார் வழி வந்தவர்க்கு, இதழ் உதிர்வது இழவாகத் தோன்றாது. தன் அழகு தனக்கென்று இராமல், பிறர் கண்ணுக்கென்றும் நின்றுவிடாமல், முடிவில் அவன் உபயோகத்துக்கு ஆவதே சேஷத்வம். கடுகு அதை ஒரு பருவத்துக்குள் வாழ்ந்து காட்டிவிடுகிறது.

இதிலிருந்து ஒரு நடைமுறையும் கிடைக்கிறது. பூத்த வயலைக் காணச் செல்வோர் படம் எடுக்கும் ஆவலில் பயிருக்குள் இறங்கி மிதிப்பதைப் பார்க்கிறோம். அடியார்கள் வரப்பில் நின்றே ஸேவிக்க வேண்டும். மிதிபடுவது ஓர் உழவனின் நான்கு மாத உழைப்பு. எம்பெருமானுக்குச் சரீரமான ஒன்று. விளக்காக வேண்டிய எண்ணெய்.

எங்கும் வஸந்தம்

இவ்விதழைப் படிக்கும் அடியார்கள் பல நாடுகளில் வாழ்கிறார்கள். கடுகின் இனமான பயிர் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் சித்திரை வாக்கில் வயலை மஞ்சளாக்கும். கனடாவின் சமவெளிகளில் கனோலா ஆடியில் பூக்கும். ஆஸ்திரேலியாவின் தென்பகுதியிலோ ஆவணியில் பூக்கும். நம் பஞ்சாங்கத்தின் வஸந்தம் அங்கெல்லாம் பொருந்தி வாராது. அதனால் குறை இல்லை. அவன் இருக்குமிடத்தில் கோடையும் வஸந்தமாயிற்று என்று கண்டோம். அவனை நினைத்துப் பார்க்கும் நாளே அவ்வூருக்கு வஸந்தம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்துகொண்டே ஆண்டாள் தம் ஊரை ஆய்ப்பாடியாகப் பாவித்தார். ஓங்கிய செந்நெல்லும், அதனூடே துள்ளும் கயலும், குவளைப் போதில் உறங்கும் வண்டுமாகத் திருப்பாவையின் மூன்றாம் பாட்டில் அவர் காட்டும் நாடு, நோன்பினால் செழிக்கும் நாடு. தாம் பாவனையால் சென்ற ப்ருந்தாவனத்துக்கு அவர் அர்ச்சாரூபமாகவே எழுந்தருளினார். ஸ்ரீரங்கதேசிக ஸ்வாமியின் வழிகாட்டுதலில், 1845இல் தொடங்கி 1851இல் நிறைவுற்ற ஸ்ரீரங்கஜி மந்திரில் கோதா தேவி ரங்கமன்னாரோடு சேவை ஸாதிக்கிறார். தென்னாட்டு முறையில் கோபுரங்களோடு எழுந்த அக்கோயிலில், கடுகு அறுவடையாகும் பருவத்தையொட்டி ப்ரஹ்மோத்ஸவமும் திருத்தேரும் நடக்கின்றன. ஒரு பெண்பிள்ளையின் நெஞ்சில் உழவன் இட்ட ஆசை எத்தனை தூரம் சென்று விளைந்தது என்பதற்கு அக்கோயிலே ஸாக்ஷி.

பூத்த வயலைக் கடந்து செல்லும் அடியார், ஒரு கணம் நின்று, இது அவன் உழுத நிலம் என்று நினைக்கட்டும். தம் நெஞ்சும் அந்நிலத்தின் ஒரு மூலை என்று நினைக்கட்டும். திருவயோத்தியில் புல்லும் சிற்றெறும்பும் உட்பட ஒன்றையும் விடாமல் நற்கதிக்குச் சேர்த்தான் என்று திருவாய்மொழி 7.5இன் முதற் பாசுரத்தில் நம்மாழ்வார் அருளிச்செய்கிறார். புல்லை விடாதவன் நம்மை விடுவானோ? பூக்கும் காலத்தை அவன் அறிவான். காத்திருப்பது நமக்கு ஸ்வரூபம். விளைவிப்பது அவனுக்கு ஸ்வரூபம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.

அடியேன் ராமாநுஜ தாஸன்